கயிறு யார் கையில்?

விடுமுறைக்கு இலங்கை வருகின்ற நம்மவர்களின் பயணத் திட்டத்தில், நல்லூருக்கும் நுவரெலியாவுக்கும் அடுத்ததாக இப்போது கற்பிட்டியும் இடம்பிடித்துவிட்டது. ஒரு காலத்தில் கருவாட்டுக்கும், ஒல்லாந்தர் கோட்டைக்கும், தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் மட்டுமே அறியப்பட்டிருந்த ஊர். ஒரு புறம் புத்தளம் களப்பு, மறு புறம் பெருங்கடல் என்று வடக்கு நோக்கி நீளும் இந்த ஒடுங்கிய நிலம், 2009இல் போர் முடிந்த பின்னர் உலகச் சுற்றுலா வரைபடத்தில் வேறொரு அடையாளத்தோடு ஏறியது. மே முதல் ஒக்டோபர் வரை சோளகமும், டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை வாடையும் விடாமல் வீசுவதால், கைட் சர்பிங் எனப்படும் பட்டச் சறுக்கைக் கற்க ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் டொல்பின் பார்க்கவும், 1992இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் பவளத் திட்டுகளில் சுழியோடவும் வருகிறார்கள்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. கரையில் இறங்கியதும் அவர்களைச் சூழ்ந்துகொள்வது காற்று மட்டுமன்று. கற்றுத் தருகிறோம் என்று சொல்கிறவர்களும்தாம். முறையான பள்ளிகள் இருக்கின்றன. ஒரு பட்டத்தையும் ஒரு பலகையையும் வைத்துக்கொண்டு, பாதி விலைக்கு இரண்டு நாளில் பழக்கிவிடுகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். யாரிடம் போவது?

இது கற்பிட்டிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. வெள்ளவத்தையில் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்கிறவரும், ஸ்காபரோவில் தனிப் பயிற்றுநரை மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்கிறவரும் கேட்க வேண்டிய அதே கேள்விதான். உடம்பை இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறோம். அந்தக் கை எப்படிப்பட்டது என்பதை எதை வைத்து அறிவது? இதற்கு இந்தக் கடற்கரையிடமே பழைய பதில் ஒன்று உண்டு.

கற்பிட்டிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கமாக, ஆங்கிலேயர் காலத்தில் பெரும் முத்துக்குளிப்புகள் நடந்தன. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1906இல் அரசாங்க உத்தியோகத்தராக அங்கே பணியாற்றினார். அந்தத் தொழிலின் முறை எளிமையானது. குளிப்பவன் கல்லின் பாரத்தோடு அடியில் இறங்குவான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். கவனம் பிசகினால் உயிர் போகும். ஆகவே, கயிறு பிடிக்க மைத்துனனை நிறுத்துவார்கள் என்று முத்துக்குளித்துறை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வதுண்டு. கீழே போனவன் திரும்பாவிட்டால் தாலி அறுப்பவள் மேலே நிற்பவனின் உடன்பிறந்தவள். அவன் கயிற்றை விடமாட்டான்.

இந்த வழக்கு எத்தனை இடங்களில் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டது என்பது வேறு விடயம். அதன் உள்ளே இருக்கும் அறிவுதான் முக்கியம். நம் முன்னோர் கயிறு பிடிப்பவனின் புன்னகையையும் பேச்சையும் நம்பவில்லை. உன் நன்மையும் அவன் நன்மையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். செய்தித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய கேள்வி. எந்த அறிவிப்பு மேசைக்கு வந்தாலும் முதலில் கேட்பது, இதனால் யாருக்கு ஆதாயம் என்பதைத்தான். பயிற்றுநர் விடயத்திலும் நான் பரிந்துரைப்பது அதையே.

இன்றைய பயிற்றுநர் நமக்கு மைத்துனர் அல்லர். அவருக்கு நாம் வாடிக்கையாளர். அதில் குற்றமொன்றும் இல்லை. உழைப்புக்குக் கூலி வாங்குவது நேர்மையான காரியம். ஆனால் அவருடைய ஆதாயமும் நம்முடைய நலமும் பிரிந்து போகும் இடங்கள் சில உண்டு. காற்று மிஞ்சிய நாளில் வகுப்பை நிறுத்தினால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. நீங்கள் சொந்தக் காலில் நிற்கப் பழகிவிட்டால் அடுத்த மாதக் கட்டணம் இல்லை. மாவு டப்பா வேண்டாம் என்று சொன்னால் தரகுப்பணம் இல்லை. அந்த இடங்களில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்தால் போதும். மற்றவற்றை விளம்பரப் பலகையே சொல்லிவிடும்.

முதலில் சான்றிதழ். அதைத் தாழ்த்திப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பட்டச் சறுக்கில் 2001இல் தொடங்கப்பட்ட ஐ.கே.ஓ. என்ற சர்வதேச அமைப்பும், சுழியோடலில் 1966 முதல் இயங்கும் பாடி போன்ற அமைப்புகளும் பயிற்றுவிப்பாளர்களைப் படிநிலைகளாகப் பிரித்துச் சான்றளிக்கின்றன. அந்தப் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கி, இணையத்தில் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு பள்ளிக்குச் சான்றிதழ் இருப்பதும், உங்களோடு தண்ணீரில் இறங்கும் இளைஞருக்குச் சான்றிதழ் இருப்பதும் வேறு வேறு. கேட்க வேண்டியது இரண்டாவதை.

உடற்பயிற்சிக்கூடங்களில் நிலைமை இன்னும் தளர்வு. பிரான்ஸில் கூலிக்கு விளையாட்டோ உடற்பயிற்சியோ கற்பிக்க, அரசு ஏற்ற தகுதியும் அதற்கான தொழில் அட்டையும் சட்டப்படி வேண்டும். பாரிஸ் வாசகர்கள் அந்த அட்டையைப் பார்க்கக் கேட்கலாம். இங்கிலாந்தில் அத்தகைய சட்டக் கட்டாயம் கிடையாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கினீசியோலஜிஸ்ட் என்ற பட்டம் 2013 முதல் சட்டத்தின் காவலில் இருக்கிறது. ஆனால் தனிப் பயிற்றுநர் என்ற பெயரை எவரும் சூடிக்கொள்ளலாம். ஒரு வார இறுதியில் இணையத்தில் வாங்கிய சான்றிதழும் சுவரில் தொங்கும், ஓராண்டு படித்து வாங்கியதும் தொங்கும். சட்டகம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே சான்றிதழ் வாசல் மட்டுமே. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசரிடம் இல்லாத தகுதிப் பத்திரமா? ஒலிம்பிக் வீராங்கனைகளையே கவனித்தவர். சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளையும் இளம்பெண்களையும் பல ஆண்டுகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியமைக்காக 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதித்தது. பத்திரங்கள் திறமையைத்தான் உறுதிசெய்யும். நம்பிக்கையை நடத்தையில்தான் தேட வேண்டும்.

அந்த நடத்தையைப் பார்க்கக் கற்பிட்டிக் களப்பு நல்ல இடம். அங்கே நல்ல பயிற்றுவிப்பாளர் முதலில் கற்பிப்பது எதை என்று கவனியுங்கள். பட்டம் இருபது மீற்றர் அல்லது அதற்கும் அதிகமான நீளமுள்ள நூல்களின் முனையில் பறக்கிறது. அதன் இழுவை முழுவதும் இடுப்புக் கச்சையில் வந்து சேர்கிறது. காற்று திடீரென்று வலுத்தால் ஆளையே தூக்கிவிடும். அந்தக் கணத்தில் பட்டத்தின் பலத்தை அறுத்துவிட, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஒரு விடுவிப்புப் பிடி இருக்கும். பொறுப்புள்ள ஆசிரியர் உங்களைப் பலகையில் ஏற்றுவதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டும் அந்தப் பிடியைத் தேடி இழுக்கப் பழக்குவார். அடுத்து, நடுநீரில் தனித்துப் போனால் பட்டத்தைச் சுருட்டி, அதையே மிதவையாக்கிக் கரைசேரும் முறை. இவை முடிந்த பிறகுதான் சறுக்கு. தொடக்கநிலைப் பயிற்சி பொதுவாகப் பத்து மணி நேரத்தையொட்டிப் பல அமர்வுகளாக நடப்பது இதனால்தான். முதல் மணியிலேயே பலகையில் நிறுத்திப் படம் எடுத்துத் தருகிறவர் உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறார். ஆனால் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

தன் உதவி இல்லாமல் நீங்கள் தப்பிக்க வழி சொல்லித் தருகிறவரே உங்கள் நலத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டவர். இதுவே முதற்சோதனை.

இரண்டாவது, "இன்றைக்கு வேண்டாம்" என்ற சொல். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில், மீட்புப் படகு இல்லாமல் புதியவரை இறக்குவது தவறு. மழைமேகம் திரண்டு வரும்போது பட்டத்தை இறக்காமல் இருப்பது தவறு. வந்தவர் வெளிநாட்டுக்காரர், நாளை மறுநாள் போய்விடுவார், பணமும் கட்டிவிட்டார். இருந்தும் முடியாது என்கிறாரா? அப்படிச் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள். அவரிடம் மறுபடியும் போங்கள்.

மூன்றாவது, கேள்வி கேட்கிறாரா என்பது. சுழியோடலில் இதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் இருந்தவரின் உடம்பில் நைதரசன் கரைந்திருக்கும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தாலோ, வந்த கையோடு அழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறினாலோ, அது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகளாக மாறும். மூட்டு வலியில் தொடங்கிக் கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோகும். ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், அடுத்தடுத்து மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது சுழியோடிகளின் பாதுகாப்பு அமைப்புகள் தரும் வழிகாட்டல். கற்பிட்டியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவுதான். விடுமுறையின் கடைசி நாளைக் கடலுக்கென ஒதுக்கி வைப்பது நம்மவர் வழக்கம். "உங்கள் விமானம் எத்தனை மணிக்கு?" என்று பணம் வாங்குமுன் கேட்கும் பயிற்றுவிப்பாளர் கிடைத்தால், அவரை நம்பலாம். ஆஸ்துமா உண்டா, காதில் சத்திரசிகிச்சை நடந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு, வேண்டிய இடத்தில் வைத்தியரின் கடிதம் கேட்பவரையும் நம்பலாம். படிவத்தை நீட்டி, எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கடலில் ஒரு வசதி இருக்கிறது. தவறான ஆசிரியரைக் கடல் விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். உடற்பயிற்சிக்கூடம் அப்படியன்று. குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், இசை. தவறு அங்கே மாதக்கணக்கில் சேர்ந்து, முழங்காலிலோ முதுகிலோ சிறுநீரகத்திலோ இதயத்திலோ வந்து நிற்கும்போது, யாருடைய தவறு என்று சொல்லவும் முடியாது. ஆகவே கடல் கற்றுத்தரும் சோதனைகளை அங்கேயும் கொண்டுபோக வேண்டும்.

தெற்காசியர் விடயத்தில் இது கூடுதல் அவசியம். 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59 வயதிலும் வருவதாகக் கண்டது. நீரிழிவும் நமக்கு முன்கூட்டியே வருகிறது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 ஒக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, உடற்பயிற்சியே ஆபத்து என்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் தவறானது. அளவான பயிற்சி இதயத்தைக் காக்கிறது என்பதில் வைத்திய உலகில் ஐயம் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதுவரை நாற்காலியில் இருந்தவரை, இரத்த அழுத்தம் என்ன, குடும்பத்தில் இதயநோய் உண்டா என்று ஒரு சொல் கேளாமல், முதல் நாளே மூச்சு வாங்க ஓடவைப்பதில் இருக்கிறது. பழகாத உடம்பை எல்லை கடந்து வருத்தினால் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நிலை அது. இதைத் தெரியாதவரும், தெரிந்தும் "வலித்தால்தான் வளரும்" என்று முழக்கமிடுகிறவரும் பயிற்றுநர் அல்லர்.

அடுத்தது மாவு டப்பா. இங்கேதான் ஆதாயம் எங்கே என்ற கேள்வி நேராக உதவும். பயிற்சி சொல்லித் தருகிறவரே மாவும் மாத்திரையும் விற்றால், அவர் ஆலோசகரா வியாபாரியா என்று நீங்கள் பிரித்தறிய வழியில்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய துணையுணவுகளைச் சந்தைக்கு விடுமுன் அவற்றின் பயனையும் பாதுகாப்பையும் அரசிடம் நிறுவ வேண்டியதில்லை. அங்கிருந்து வரும் டப்பாவின் மேலுறையை எந்த அளவுக்கு நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். 60 கிலோ எடையுள்ள சாதாரண மனிதருக்கு அடிப்படையாகத் தேவைப்படும் புரதம் நாளுக்கு 48 கிராம் அளவில். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு அதன் இரு மடங்கு வரை தேவைப்படலாம். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பும் முட்டையும் மிகுதியைத் தரும். கற்பிட்டிபோல் படகு நிறைய மீன் வந்திறங்கும் ஊரில், மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்கு டொலர் விலையில் டப்பா விற்பதை வேறென்ன பெயரிட்டு அழைப்பது?

தெரியாதவர் தரும் பொருளை வாங்கி விழுங்குவதன் விளைவு உடம்போடு முடிவதில்லை. 2011 உலகக் கிண்ணப் போட்டிகளின்போது இலங்கை கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பிரெட்னிசோலோன் கண்டறியப்பட்டது. தோள்பட்டை வலிக்கு எடுத்துக்கொண்ட மூலிகை மருந்து வழியே அது உடம்பில் சேர்ந்தது. ஆட்டத்தில் ஆதாயம் தேடும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்பதை விசாரணையும் ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் மூன்று மாதத் தடை. உடம்புக்குள் எது போனாலும் பொறுப்பு வீரருடையதே என்பது விதி. அதன் பின் 2013இல் 33ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே ஊக்கமருந்துத் தடுப்புக்கென்று இலங்கையில் தனி அமைப்பு வந்தது. பாடசாலை அணியில் இருக்கும் மகனுக்கு யாராவது ஒரு பொடியை நீட்டினால், பெற்றோர் இந்த விதியை நினைவில் கொள்ள வேண்டும். பொடி கொடுத்தவர் மைதானத்தில் தண்டிக்கப்படுவதில்லை.

பெண்கள் குறித்தும் ஒரு சொல். பயிற்சியில் உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. தொடுமுன் கேட்பதும், வேண்டாம் என்றால் சொல்லால் விளக்குவதும், பிள்ளைகளுக்கான வகுப்பைப் பெற்றோர் பார்த்திருக்க அனுமதிப்பதும் நல்ல ஆசிரியருக்குச் சுமையன்று. கதவைச் சாத்த வேண்டும் என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். விளக்கமும் கேட்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கற்பிட்டி இளைஞர்களுக்கு நியாயம் செய்யாமல் முடிக்கக்கூடாது. சான்றிதழைக் கேளுங்கள் என்கிறேன். அந்தச் சான்றிதழ் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், வெளிநாட்டு நாணயக் கட்டணத்தில் நடக்கிறது. கண்டக்குளியிலும் குடாவையிலும் பிறந்த மீனவர் மகனுக்குக் காற்று எந்த மணியில் திரும்பும், எங்கே நீரோட்டம் இழுக்கும், எங்கே வலை கட்டியிருக்கிறது என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து வந்த அறிவு. சான்றிதழோடு வந்திறங்கிய வெளிநாட்டு ஆசிரியருக்கு அது தெரிய ஒரு பருவமாவது வேண்டும். ஒருவரிடம் தாள் இருக்கிறது, மற்றவரிடம் கடல் இருக்கிறது. இலங்கையின் தேசியத் தொழிற்தகைமை முறையில், முன்பே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி உண்டு. அந்த வழி இக்கரை இளைஞர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அகலத் திறக்கப்பட வேண்டும். முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் அதில் கட்டாயமாக வேண்டும். மலிவான கூலிக்கு உதவியாளராகவே அவர்களை வைத்திருந்து, விபத்து நேர்ந்தால் சான்றிதழ் இல்லாதவன் என்று கைகாட்டுவது அநீதி. சுற்றுலாவின் பெயரால் கடற்கரையை விட்டுக்கொடுத்த சமூகத்துக்குக் குறைந்தபட்சம் இந்தத் தொழிலாவது மரியாதையோடு சேர வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. முத்துக்குளிப்பவன் கயிற்றை அசைக்காவிட்டால் மைத்துனனாலும் ஒன்றும் செய்ய முடியாது. நோயை மறைப்பதும், மருந்தை மறைப்பதும், நேற்று இரவு குடித்ததை மறைப்பதும், நெஞ்சு அடைக்கும்போது வெட்கப்பட்டு வாய்மூடி நிற்பதும் கயிற்றை அசைக்காமல் இருப்பதற்குச் சமம். பயிற்றுநரைச் சோதிக்கிறவர் தாமும் உண்மை பேச வேண்டும்.

அடுத்த சோளகத்துக்குக் கற்பிட்டிக்கு வருகிறவர்கள், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் ஒரு வகுப்பைக் கரையில் நின்று அரைமணி நேரம் பாருங்கள். ஆசிரியரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாணவர்மீதும் காற்றின்மீதும் இருந்தால் பணத்தைக் கொடுங்கள். கைபேசியில் இருந்தால், களப்பின் அழகைப் பார்த்துவிட்டு அடுத்த பள்ளிக்கு நடந்துவிடுங்கள்.